தியலும உச்சிக்கு எந்தப் பக்கமாக ஏறுவது?

2025 ஜனவரி 11

கேள்வி இப்படி வந்திருக்கிறது: "வெள்ளவத்தையிலிருந்து ஐந்து பேர். பௌர்ணமி லீவும் பொங்கலும் அடுத்தடுத்து வருவதால் கொஸ்லந்தைக்கு வருகிறோம். தியலும உச்சியில் இருக்கிற குளங்களில் குளிக்க வேண்டும். கூகுள் மேப் கீழேயிருந்து ஒரு கோடு காட்டுகிறது, ஒரு மணி நேரமாம். மழை பெய்தால் நீர்வீழ்ச்சி இன்னும் நல்லா இருக்கும் என்கிறார்கள். போகலாமா?"

போகலாம். அந்தக் கோட்டில் வேண்டாம்.

இலங்கை மலையகத்தின் தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் உயரம். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய பக்கம் சுமார் 6 கி.மீ. போனால் ஏ4 வீதியில் பஸ்ஸுக்குள் இருந்தபடியே தெரியும். விழுவது பூனாகலை ஓயா. உச்சிக்கு இரண்டு வழி உண்டு.

கீழ் வழி: நீர்வீழ்ச்சியின் அடியிலிருந்து வெல்லவாய பக்கமாக அரை கி.மீ. நடந்தால் மலைப்பக்கம் மடங்கி ஏறும் தோட்டப்பாதை ஒன்று வரும். முதலில் இறப்பர், அதற்கு மேலே மானாப்புல் (ஆளுயரம் வளரும் காட்டுப்புல்). தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம், புதியவருக்கு ஒன்றரை.

மேல் வழி: கொஸ்லந்தையிலிருந்து பூனாகலை ரோட்டில் ஏறி, மகல்தெனிய பக்கம் வரை வாகனம். அங்கிருந்து முக்கால் மணி நேர நடை, பெரும்பாலும் சமதளம்.

கீழ் வழியில் வழி தவறுவது இறப்பர் முடிந்து புல் தொடங்கும் இடத்தில்தான். அங்கே மாடு போன தடம், புல் அறுக்கிறவர்கள் போன தடம், உங்களைப் போலவே வழி தவறியவர்கள் போன தடம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். புல் தலைக்கு மேலே நிற்பதால் பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. போனில் நீலப்புள்ளி இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காட்டினால் போதும், ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். இறங்கும்போது இன்னும் மோசம்: காய்ந்த மானாப்புல் வைக்கோல் மாதிரி வழுக்கும், பிடித்தால் கையை அறுக்கும். கீழ் வழியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதில் ஏறி, மேல் வழியால் திரும்புங்கள். மாற்றிச் செய்யாதீர்கள்.

மழை பெய்தால் நல்லா இருக்கும் என்று சொன்னவர் வீதியில் நின்று பார்க்கிறவர். உச்சியில் குளிக்கிறவருக்கு அது பொருந்தாது.

ஜனவரி 12

மேல் வழி "பெரும்பாலும் சமதளம்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். கடைசிக் கால்மணி நேரம் கல்லும் சரளையுமான இறக்கம். திரும்பும்போது அதுவே ஏற்றம், அதுவும் குளித்துக் களைத்த உடம்போடு, வெயிலில். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் வேண்டும். நிழல் கிடையாது.

குளங்கள் படிப்படியாக இருக்கின்றன. ஒன்று நிரம்பி அடுத்ததில் விழும், கடைசியில் விளிம்பு. குளிப்பதற்கு எது நல்லது என்று கேட்டால், கீழே இன்னொரு குளமாவது அகலமான கற்பாறையாவது இருக்கிற குளம். வழுக்கினாலும் அங்கே போய் நிற்பீர்கள். விளிம்புக்கு முந்திய குளம் படத்துக்கு அழகு, அதற்குக் கீழே 220 மீட்டர் வெறும் காற்று. பாறையில் பச்சைப்பாசி கண்ணுக்குத் தெரியும், கறுப்பாகக் காய்ந்த பாசி தெரியாது. அதில் ஒரு கை தண்ணீர் தெறித்தாலே சவர்க்காரம்தான். குதிக்க வேண்டாம். மழைக்காலம் ஒவ்வொன்றும் குளத்தின் அடியில் கற்களை மாற்றிப் போட்டுவிடும், போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் இடுப்பளவாக இருக்கலாம்.

ஜனவரி 19

"தண்ணீர் திடீரென்று நிறம் மாறினால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது, கரையேற வேண்டும்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மழை பெய்வது பூனாகலை மலையில். அந்த வெள்ளம் ஓடையில் இறங்கி வருவதற்குச் சில நேரம் அரை மணி, சில நேரம் அதிலும் குறைவு. அடையாளங்கள் இந்த வரிசையில் வரும்: முதலில் சருகும் சுள்ளியும் மிதந்து வரும். பிறகு தண்ணீர் பிளேன்டீ (பாலில்லாத் தேநீர்) நிறம். பிறகு சத்தம் தடிக்கும், சலசலப்பு போய் உறுமலாகும். மூன்றாவது வரைக்கும் காத்திருந்தவர்கள் பலர் கரை சேரவில்லை.

எளிய வேலை ஒன்று உண்டு. போன உடனே, தண்ணீர் தொடும் மட்டத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நாலு விரல் உயரம் மறைந்தால் உடுப்பைத் தேடாமல் வெளியே வாருங்கள். இன்னொன்று: வாகனம் நிற்கும் கரையிலேயே இருங்கள். ஓடையைத் தாண்டி அக்கரையில் சோறு பிரிக்கிற கூட்டம்தான் மாலையில் கயிறு கேட்டுக் கத்துகிறது.

பெப்ரவரி 2

எந்த மாதம் எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

மலைநாட்டை நடுவில் ஒரு முதுகெலும்பு பிரிக்கிறது. மேற்குப் பக்கம், அதாவது கினிகத்தேனை, நோர்ட்டன், மஸ்கெலியா, அட்டன், தலவாக்கலை: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்குப் பக்கம், பதுளை, பண்டாரவளை, எல்ல, கொஸ்லந்தை: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு. மார்ச் ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும் இரண்டு பக்கத்துக்கும் பொது. காலையில் நல்ல வெயில், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடி.

ஆகவே மேற்குப் பக்கத்து நீர்வீழ்ச்சிகளான டெவன், லக்ஷபான, அபர்டீன் எல்லாம் ஜூன் ஜூலையில் முழு உடம்போடு இருக்கும்போது தியலுமவும் துன்ஹிந்தவும் மெலிந்து கிடக்கும். ஓகஸ்டில் தியலுமவுக்குப் போனவர்கள் "ஏமாத்திட்டாங்க" என்று எழுதுவார்கள். நீர்வீழ்ச்சி ஏமாற்றவில்லை, கலண்டரைப் பார்க்காமல் போனீர்கள். அந்த வரண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது, அதையாவது ஒரு கோப்பை குடித்துவிட்டு வாருங்கள்.

நடப்பதற்கு நல்ல காலம் மழை உச்சத்தில் இருக்கும்போது அல்ல, மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்து. ஓடையில் தண்ணீர் இருக்கும், பாதையில் சேறு இறுகியிருக்கும். கிழக்குக்கு அது பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம். மேற்குக்கு செப்டம்பர் கடைசி, அதுவும் ஒக்டோபர் இடி தொடங்குவதற்கு முன்.

பெப்ரவரி 3

ஆமாம், நுவரெலியாவுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அங்கே இரண்டு பக்கத்து மழையும் விருந்துக்கு வரும்.

மார்ச் 9

"தலவாக்கலையில் இரண்டு நீர்வீழ்ச்சிக்கும் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?" நடக்கவே வேண்டாம். டெவன் (97 மீட்டர்), சென் கிளேயர் (80 மீட்டர்) இரண்டும் ஏ7 வீதியில் நின்றாலே தெரியும். பஸ்ஸில் வந்தால் அட்டனிலிருந்து தலவாக்கலை போகும்போது ஒரு பக்கத்து யன்னல் முழுக்க அதுதான்.

சென் கிளேயருக்கு ஒரு சங்கதி. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு ஆற்றின் பெரும் பங்கு சுரங்கத்துக்குள் போகிறது. நீர்வீழ்ச்சிக்குப் பகலில் மட்டும் தண்ணீர் விடுகிறார்கள். விடியற்காலையில் வந்து வெறும் பாறையைப் படம் பிடித்துவிட்டு "செத்துப்போச்சு" என்று போட வேண்டாம். செத்தது பாதிதான்.

இதைவிட முக்கியம் அணைக்குக் கீழே குளிக்கிற விஷயம். மேற்குப் பக்கத்தில் பெரிய ஆறுகள் எல்லாவற்றுக்கும் மேலே அணை இருக்கிறது. களனி கங்கையின் இரண்டு கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, அதற்குக் கீழே நோர்ட்டன் பிரிட்ஜ் அணை, அதற்கும் கீழே அபர்டீன் நீர்வீழ்ச்சி. மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை, கெனியன், பிறகு லக்ஷபான நீர்வீழ்ச்சி. மழைக்காலத்தில் வான்கதவு திறந்தால் கீழே ஆறு சில நிமிடத்தில் ஏறிவிடும். இதில் மேலே சொன்ன சருகு, நிற அடையாளம் எதுவும் உதவாது, அணையிலிருந்து வருவது தெளிந்த தண்ணீராகவும் இருக்கலாம். சைரன் கேட்டால் கரை. நீர்வீழ்ச்சியின் அடியில் நிற்பவருக்கு அந்த இரைச்சலில் சைரன் கேட்காமலும் போகலாம். ஆகவே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காலைச் செய்தியில் வான்கதவு பற்றி ஒரு வரி வந்தால் அன்றைக்கு அந்த ஆறு வேண்டாம்.

மார்ச் 10

மவுசாகலையைப் பற்றி எழுதியபோது விட்டுப்போனது. மார்ச் ஏப்ரலில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், 1960களின் கடைசியில் மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனின் கோயில், பள்ளிவாசல் இடிபாடுகள் வெளியே வரும். நல்லதண்ணி போகிற வழிதான், பார்க்கலாம். வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே கூழ். வெடிப்பு உள்ள இடத்தில் மிதித்தால் முழங்கால் வரை போகும். ஊர்க்காரர் நடந்த தடத்தை விட்டு விலக வேண்டாம்.

ஏப்ரல் 20

சிங்களப் புதுவருடக் கூட்டம் போய்விட்டது, இனி ஆறுதலாக எழுதலாம்.

மலையகத்தில் பாதை என்பது பாதி தோட்டப்பாதை. போனில் இருக்கிற பெயரும் ஊரில் வழங்குகிற பெயரும் வேறு. டல்ஹவுசி என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது, நல்லதண்ணி என்றால் பிள்ளைகூடக் கை காட்டும். அதனால் தோட்டத்துக்குள் வழி கேட்கும்போது தோட்டத்தின் சொல்லால் கேளுங்கள். மேல்கணக்கா கீழ்கணக்கா, எத்தனையாம் நம்பர் மலை, ஸ்டோருக்கு மேலேயா கீழேயா, கொழுந்து மடுவம் தாண்டியா, பீலிக்கரைப் பக்கமா. (கணக்கு என்றால் தோட்டப் பிரிவு, ஸ்டோர் தேயிலைத் தொழிற்சாலை, மடுவம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, பீலி தண்ணீர் வந்து விழும் குழாய்.) "அக்கா, தண்ணி விழுகிற இடத்துக்குக் குறுக்கு இருக்கா?" என்று ஒரு கேள்வி போதும்.

யாரிடம் கேட்பது? கொழுந்தெடுக்கிற பெண்களிடம். மலையின் ஒவ்வொரு கானும் (வடிகாலும்) ஒவ்வொரு படியும் அவர்கள் காலுக்குத் தெரியும். ஓட்டோக்காரத் தம்பிக்கு வண்டி போகிற வழி மட்டும்தான் தெரியும், அதையும் வாடகைக்கு ஏற்ப நீட்டுவார்.

தேயிலைக்குள் நடக்கும்போது நிரைகளுக்கு நடுவே உள்ள கான் மேல் கால் வைக்காதீர்கள். சருகு மூடியிருக்கும், முழங்கால் ஆழம் இருக்கும், கணுக்கால் திரும்புவது பெரும்பாலும் அங்கேதான். கவ்வாத்து வெட்டிய (செடியைக் கத்தரித்த) மலையில் விழுந்தால் வெட்டிய வாது குத்தும். மருந்தடித்த மலை என்றால் வாசனையே சொல்லும், சுற்றிப் போங்கள். காலைப் பனியில் தேயிலைச் செடி இடுப்பு வரை நனைத்துவிடும். கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் படங்கு (தண்ணீர் புகாத விரிப்பு) கட்டுவது சும்மா அல்ல. ஒரு துண்டுப் படங்கு டவுனில் வாங்கி இடுப்பைச் சுற்றிக் கட்டினால் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த மழைக்காற்சட்டை செய்யாத வேலையைச் செய்யும்.

பீலித் தண்ணீர் குடிக்கலாமா? தேயிலைக்கும் லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) மேலே, காட்டிலிருந்து நேராக வருவதென்றால் சரி. கீழே என்றால் உரமும் மருந்தும் சேர்ந்து வரும்.

ஏப்ரல் 22

"கொஞ்ச தூரம்தான் என்றார்கள், இரண்டு மணி நேரம் நடந்தோம்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பிழை கேள்வியில். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து ஒரு நாளில் நாலு தடவை ஏறி இறங்குகிறவருக்கு அது கொஞ்ச தூரம்தான். தூரம் கேட்காதீர்கள். "பள்ளிக்கூடப் பிள்ளை போனால் எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். சொன்னதை இரண்டால் பெருக்குங்கள்.

மே 17

குளவி. மலையகச் செய்தியில் வாரம் ஒருமுறை வருகிற சொல், ஆனால் சுற்றுலா வருகிறவர் எவரும் கேட்பதில்லை.

கூடு தொங்குவது உயர்ந்த மரத்தில், பாறையின் வயிற்றுப்பக்கத்தில், பாலத்துக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கியில். கலைப்பது பெரும்பாலும் நீங்கள் அல்ல: கழுகு அடிக்கும், காற்றில் கிளை முறியும். ஆனால் புகை, வாசனைத் தைலம், ட்ரோன் சத்தம் இவையும் கலைக்கும். நீர்வீழ்ச்சிப் பாறைக்கு எதிரே ட்ரோன் விடுகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்கட்டும்.

கலைந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் உடுப்பால் மூடிக்கொண்டு ஓடுங்கள். நின்று கையை வீசினால் இன்னும் வரும். தண்ணீரில் மூழ்காதீர்கள், மேலே காத்திருக்கும். வாகனத்துக்குள்ளோ லயத்துக்குள்ளோ கதவைச் சாத்துங்கள். கொடுக்கு உள்ளே நின்றால் உடனே சுரண்டி எடுங்கள், நகமோ அடையாள அட்டையோ எதுவானாலும் சரி. எதனால் எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதுதான் கணக்கு. பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரி. உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

மே 19

ஒரு வாசகர் பிடித்துவிட்டார், சரிதான். கொடுக்கு உள்ளே நின்றால் அது குளவி அல்ல, தேனீ. குளவி கொட்டிவிட்டுக் கொடுக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும். தோட்டத்தில் நாம் குளவி என்று சொல்வதில் பெரும் பங்கு பெரிய மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பர. பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் பெயரிலேயே இருக்கிறது. பெயர் எதுவானாலும் ஓட வேண்டிய வேகம் ஒன்றுதான்.

ஜூன் 8

அட்டை. மேற்குப் பக்கம் மழை தொடங்கியாயிற்று, கேள்விகள் வந்து குவிகின்றன.

மானாப்புல் வெளியில் அட்டை குறைவு, தியலுமவுக்கு இந்தக் கவலை வேண்டாம். நிழலும் ஈரமும் சருகும் சேரும் இடம்தான் அதன் ஊர்: நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலக்காய்க் காடு, சிவனொளிபாதமலையின் இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை.

காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். ஈரச் சவர்க்காரத்தைக் காலுறையின் மேலும் சப்பாத்தின் நாக்கிலும் கயிறு கோக்கும் துளைகளிலும் தடவுங்கள். அட்டை நுழைவது அந்தத் துளையால்தான். ஓடை ஒன்றைக் கடந்தால் சவர்க்காரம் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நின்று பாருங்கள், ஆனால் நிற்பது பாறை மேல். சருகில் நின்று பார்த்தால் எடுப்பதைவிட ஏறுவது கூட.

பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள். ஒல்லியான நுனிதான் வாய், அங்கே நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். பிறகு இரத்தம் ஒரு மணி நேரம், சில நேரம் கூடவும் ஒழுகும். அட்டை விடும் எச்சில் உறைய விடாது. பயப்பட ஒன்றுமில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கட்டுங்கள். சிகரெட்டால் சுடுகிற வீரர்கள் தங்கள் தோலைத்தான் சுடுகிறார்கள்.

ஓகஸ்ட் 3

எல்ல மலை (எல்ல ரொக்) பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று, கோச்சி ரோட்டில் (ரயில் பாதையில்) நடப்பது. எல்லோரும் நடக்கிறார்கள், எல்லோரும் படம் போடுகிறார்கள், சட்டப்படி அது குற்றம். அதையும் மீறி நடக்கிறவர்களுக்கு: காதில் எதுவும் மாட்டாதீர்கள். ஏற்றத்தில் வரும் கோச்சி முக்கி முக்கி வரும், தூரத்திலேயே கேட்கும். இறக்கத்தில் வருவது சத்தமில்லாமல் வளைவில் வந்து நிற்கும். நேர அட்டவணையை நம்பாதீர்கள், மலைப்பாதையில் கோச்சி பிந்துவது வழக்கம். "பத்தரைக்குத்தானே" என்று பாலத்தில் ஏறினால் எட்டு மணிக்கு வர வேண்டியது எதிரே வரும். சுரங்கத்துக்குள் போகவே வேண்டாம். இதல்கஸ்ஹின்ன ஸ்டேசனுக்கு இரண்டு பக்கமும் சுரங்கம், அங்கேயிருந்து அப்புத்தளைக்குக் கோச்சி ரோட்டால் நடக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். மலைமுகட்டுப் பாதை இருக்கிறது, காட்சியும் அதில்தான்.

இரண்டு, வழிகாட்டி என்று நடுவழியில் சேர்ந்துகொள்கிறவர்கள். கித்தலெல்ல தாண்டி, சின்ன நீர்வீழ்ச்சிக்கு மேலே பாலத்தைக் கடந்து, தேயிலைக்குள்ளால் ஏறி, டர்பன்டைன் மரக்காட்டுக்குள் நுழைவதுதான் வழி. போக வர மூன்றரை நாலு மணி நேரம். "அந்தப் பக்கம் அடைச்சாச்சு" என்று சொல்லி இன்னொரு பக்கம் காட்டுகிறவர் அரை மணி கழித்து அங்கே காசுக்கு வழி காட்டக் காத்திருப்பார். ஊர்க்கார வழிகாட்டி வேண்டுமென்றால் முதல் நாளே தங்குமிடத்தில் கேட்டுக் கூலி பேசிக்கொள்ளுங்கள், அது நியாயமான பிழைப்பு.

இப்போது மானாப்புல் காய்ந்த காலம். கீழே புகை கண்டால் அந்தச் சரிவில் மேலே ஏற வேண்டாம். புல்லுத் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதனைவிட வேகமாக. பக்கவாட்டில் விலகிப் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்துக்கோ போங்கள்.

செப்டம்பர் 7

இந்த இழையில் நடைபாதை மட்டுமே பேசுவதாக இருந்தது. 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் போய்ப் பதினைந்து பேர் இறந்த பிறகு வீதியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மே மாதம் இறம்பொடைக்குப் பக்கத்தில் கெரண்டிஎல்லவில் நடந்த பஸ் விபத்தும் மறந்திருக்காது.

வாகனம் வாடகைக்குப் பிடிக்கிறவர்கள் சாரதியிடம் கேட்க வேண்டியது ஏசி இருக்கா என்பதல்ல, அந்த வீதியில் முன்பு ஓடியிருக்கிறாரா என்பது. இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எரிந்த றப்பர் வாசனை வந்தால் உடனே நிறுத்தச் சொல்லி அரை மணி ஆறவிடுங்கள். விடியற்காலை நடந்து, பகல் முழுக்கக் குளித்து, இரவே திரும்புகிற ஒருநாள் பயணத்தில் மிகக் களைத்தவர் சாரதிதான், அவருக்கும் தூக்கம் வரும். ஒரு இரவு தங்குங்கள்.

ஒக்டோபர் 19

பம்பரகந்த. 263 மீட்டர், நாட்டில் மிக உயரம். ஏ4 வீதியில் கலுபஹனவில் திரும்பி நாலைந்து கி.மீ. மேலே, ஒடுக்கமான வீதி, பெரிய பஸ் ஏறாது. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கால்மணி நேர நடை.

அங்கிருந்து உடவேரிய தோட்டம் வழியாக ஓஹியவுக்கு நடப்பதுதான் கேட்கப்பட்டது, பேய்ப்படி என்கிற கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. முழு நாள் வேலை. ஓஹிய 1,700 மீட்டருக்கு மேலே. நான் ஓஹியவிலிருந்து இறங்குவதையே சொல்வேன், மூச்சு மிஞ்சும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாற்றிச் சொல்வேன், ஏறுவது நுரையீரலுக்குத்தான் கஷ்டம், இறங்குவது மூட்டை அரைக்கும். காலை ஏழு மணிக்குள் தொடங்க வேண்டும். இந்த மாதம் இரண்டு மணிக்கு இடி வரும், மொட்டைப் புல்வெளியில் அப்போது நீங்கள்தான் உயரமான பொருள். இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்குங்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள், குடையை மடக்குங்கள்.

ஹோட்டன் சமவெளி பற்றி ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள், ஒன்பது பத்துக்குள் உலகமுடிவு என்கிற செங்குத்து விளிம்பில் பனி மூடிவிடும். சுற்று ஒன்பது கி.மீ. சொச்சம். பிஸ்கட்டைப் பொலித்தீனில் கொண்டுபோனால் வாசலில் எடுத்துவிடுவார்கள், கடதாசியில் சுற்றுங்கள். அவ்வளவுதான்.

டிசம்பர் 14

மேலே ஜனவரி முதல் எழுதிய பாதைகள் எல்லாவற்றையும் இப்போதைக்குப் பழைய வரைபடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையைக் கண்ட கொஸ்லந்தைப் பக்கத்துக்கு மண்சரிவு புதிய சொல் அல்ல, ஆனால் இவ்வளவு இடத்தில் ஒரே நேரத்தில் நடந்தது புதிது.

பாதை ஒரு செம்மண் தழும்பில் போய் முடிந்தால் அதைக் கடக்காதீர்கள், "முப்பது அடிதானே" என்றாலும். மேலே மண் இன்னும் தளர்ந்து தொங்கும். புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், வழக்கமில்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த பீலி கலங்குவது, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழையிலும் திடீரென்று நிற்பது: கடைசியாகச் சொன்னது மிக மோசம், மேலே எங்கோ மண் அடைத்துத் தண்ணீர் சேர்கிறது. வந்த வழியே ஓடாதீர்கள், ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படி. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம். ஊர்க்காரருக்கு வைத்த அளவு அது. உல்லாசமாக நடக்க வருகிறவர் முதல் படியிலேயே வீட்டில் இருக்கலாம். தகவலுக்கு 117.

டிசம்பர் 15

"சரிந்த இடங்களைப் பார்க்கலாமா, படம் எடுக்க?" வேண்டாம். அந்த லயங்களில் இருந்தவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாயில் படுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 21

முதல் கேள்வி கேட்ட வெள்ளவத்தைக்காரர் திரும்ப வந்திருக்கிறார். அடுத்த பொங்கலுக்கும் தியலுமதானாம், இந்த முறை ஏழு பேர். பெப்ரவரி நடுவுக்குத் தள்ளிப்போடுங்கள். வந்ததும் கொஸ்லந்தை டவுனில் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: பூனாகலை ரோட்டில் பஸ் ஓடுகிறதா, மகல்தெனியவுக்குள் ஓட்டோ போகிறதா, நேற்றுப் பின்னேரம் மேலே மழையா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் வீதியில் நின்று கீழேயிருந்து பாருங்கள். ரொட்டி சூடாக இருக்கும், சம்பலைக் கேட்டு வாங்குங்கள்.